உங்கள் மாடல் நோயைப் பார்க்கிறதா, கட்டிலைப் பார்க்கிறதா? மருத்துவப் படங்களில் ஏ.ஐ. பழகத் தொடங்குவோருக்கு

நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து நிமோனியா இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் மாடல் ஒன்றை நான் முதன்முதலாகச் செய்தபோது, ஒரே ராத்திரியில் 96 சதவீதத் துல்லியம் வந்தது. விடிந்ததும் ரேடியாலஜி மேற்படிப்பில் இருந்த நண்பரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் அந்த எண்ணைச் சட்டையே செய்யவில்லை. "படத்தைக் காட்டு" என்றார். பத்துப் பன்னிரண்டு படங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "நோயாளிங்க படமெல்லாம் படுக்கையில வச்சு எடுத்தது. நல்லா இருக்கறவங்க படமெல்லாம் நிக்க வச்சு எடுத்தது. உன் மாடல் நிமோனியாவைக் கண்டுபிடிக்கலை, கட்டிலைக் கண்டுபிடிச்சிருக்கு."

எழுந்து நிற்க முடிகிறவரை நெஞ்சுப் பக்கம் தட்டில் ஒட்டி நிற்கச் சொல்லி, முதுகுப் பக்கத்திலிருந்து கதிரைப் பாய்ச்சி எடுப்பார்கள். எழ முடியாதவருக்கு நடமாடும் கருவியைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்து முன்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். அப்படி எடுத்த படத்தில் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், தோள்பட்டை எலும்புகள் நுரையீரல் மேல் வந்து விழும், ஈ.சி.ஜி. ஒயர்கள் குறுக்கே ஓடும். இத்தனை துப்பு வெளியிலேயே கிடைக்கும்போது மாடல் எதற்காக நுரையீரலுக்குள் போய்த் தேட வேண்டும்?

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி இந்தக் கட்டில் கதைதான். மீதியைக் கீழே படிப்படியாக எழுதுகிறேன். உங்களுக்குக் கொஞ்சம் பைத்தான் தெரியும், பூனை நாய் படங்களைப் பிரிக்கும் மாடல் ஒன்றாவது செய்து பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டாக்டராகவோ ஸ்கேன் டெக்னீஷியனாகவோ இருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் இரண்டாம் படியைத் தாவிவிடலாம்.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"ஸ்கேனில் ஏ.ஐ." என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல வேலைகள் இருக்கின்றன. நோய் உண்டா இல்லையா என்று சொல்வது ஒன்று. எங்கே என்று கட்டம் போட்டுக் காட்டுவது இன்னொன்று. கட்டியின் ஓரத்தை வரைந்து அதன் கொள்ளளவை அளப்பது, வரிசையில் காத்திருக்கும் ஸ்கேன்களில் மூளை ரத்தக்கசிவு போலத் தெரிவதை முன்னால் தள்ளுவது, சீக்கிரம் எடுத்து முடித்த எம்.ஆர்.ஐ. தரவிலிருந்து தெளிவான படத்தை மீட்டெடுப்பது என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் வேறு தரவு வேண்டும், வேறு அளவுகோல் வேண்டும்.

எழுத வேண்டிய வரியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: யாருடைய படம், எதைத் தேடுகிறோம், மாடல் "ஆம்" என்றால் அடுத்து யார் என்ன செய்வார்கள். நல்ல உதாரணம் காசநோய். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய்ச் சந்தேகத்தைச் சலித்தெடுக்க, மனிதருக்குப் பதிலாக மென்பொருளையே பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. வயது தெளிவு, நோக்கம் தெளிவு. மென்பொருள் சந்தேகப்பட்டால் அடுத்தது சளிப் பரிசோதனை என்பதும் தெளிவு. உங்கள் வரியில் அந்த மூன்றாவது பகுதி எழுத வராவிட்டால், ஒரு டாக்டரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: புரோகிராம் எழுதுமுன் படம் பார்க்கப் பழகுங்கள்

இதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். எல்லோரும் தாவிப் போகிற படி இதுதான், நானும் தாவினேன். 3டி ஸ்லைசர், ஐ.டி.கே.-ஸ்னாப் இரண்டுமே இலவசம். ஏதாவது ஒன்றை நிறுவி, நெஞ்சு சி.டி. ஒன்றைத் திறந்து ஒவ்வொரு அடுக்காக மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள்.

சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. 1971-இல் முதல் நோயாளிக்கு சி.டி. எடுக்க வழிசெய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்ட். 1979-இல், சி.டி.க்கான கணிதத்தை வகுத்த கார்மக்குடன் சேர்ந்து நோபல் வாங்கினார். அந்த எண்ணின் அலகுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான். தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு -100 பக்கம், எலும்பு பல நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேல். இவ்வளவு விரிந்த எண்களை ஒரே நேரத்தில் திரையில் காட்டினால் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் இருக்கும். அதனால் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டுவார்கள். இதற்குத்தான் விண்டோ என்று பெயர்.

இப்போது அதே அடுக்கில் விண்டோவின் நடுப்புள்ளியை -600, அகலத்தை 1500 என்று வையுங்கள். அதாவது -1350 முதல் 150 வரை. நுரையீரலின் ரத்தக்குழாய்கள் மரக்கிளை மாதிரி விரியும், சின்ன முடிச்சு (நோட்யூல் எனும் சிறு கட்டி) இருந்தால் தெரியும். அப்புறம் நடுப்புள்ளி 40, அகலம் 400 என்று மாற்றுங்கள். நுரையீரல் முழுக்கக் கறுத்துவிடும். இதயமும் நிணநீர் முடிச்சுகளும் எழுந்து வரும். நுரையீரலில் மங்கலாக இருந்த முடிச்சு அந்தக் கறுப்பில் காணாமல் போயிருக்கலாம். தலை ஸ்கேனிலும் இதே சங்கதிதான்: மூளைக்கான குறுகிய விண்டோவில் மண்டையோட்டை ஒட்டி மெல்லிதாகப் படிந்த ரத்தம் எலும்போடு கலந்து வெள்ளையாகவே தெரியும். விண்டோவை அகலமாக்கினால்தான் பிரியும். உங்கள் புரோகிராமில் ஏதோ ஒரு வரியில் இந்த இரண்டு எண்களைப் போடப் போகிறீர்கள். தவறாகப் போட்டால், மாடலுக்கு நோயைக் காட்டாமலேயே நோயைக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

எக்ஸ்ரேயில் ஒன்றை மட்டும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நோயாளி உங்களைப் பார்த்து நிற்பதாகப் பாவனை. அவருடைய இடது பக்கம் உங்களுக்கு வலது பக்கம்.

மூன்றாம் படி: டைகாம் கோப்பைத் திறந்து பாருங்கள்

மருத்துவப் படங்கள் ஜேபெக்காக வராது, டைகாம் என்ற வடிவில் வரும். 1993 முதல் இந்தப் பெயரில் புழங்குகிற தரநிலை. படத்தோடு கூடவே நோயாளியின் விவரம், கருவியின் பெயர், அடுக்கின் தடிமன் என்று நூற்றுக்கணக்கில் குறிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பைடைகாம் என்ற பைத்தான் நூலகம் போதும், இரண்டே வரியில் திறக்கலாம். திறந்ததும் குறிப்புகளை முழுக்க அச்சிட்டுப் படியுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் புதியவர்கள் விழும் குழிகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன.

கோப்பில் இருக்கும் எண் நேரடியாக ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் கிடையாது. ஒரு பெருக்கெண், ஒரு கூட்டெண் இரண்டும் குறிப்பில் இருக்கும். பெரும்பாலும் 1, -1024. அதைப் போட்டுக் கணக்கிட்ட பிறகுதான் தண்ணீர் 0 ஆகும். சில கருவிகள் வட்டமான ஸ்கேன் பரப்புக்கு வெளியே -2000 போன்ற பொய் எண்ணை நிரப்பி வைக்கும். அதை வெட்டாமல் சராசரி எடுத்தால் எல்லாமே சாயும். எக்ஸ்ரேயில் "மோனோக்ரோம்1" என்று குறித்திருந்தால் சிறிய எண் வெள்ளை, "மோனோக்ரோம்2" என்றால் சிறிய எண் கறுப்பு. இதைக் கவனிக்காமல் பாதிப் படங்கள் நெகட்டிவ் மாதிரி தலைகீழாகப் போய், மாடல் ஏன் தத்தளிக்கிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பத்துப் படத்தைத் திரையில் வரிசையாகப் போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை.

வசதிக்காக எல்லாவற்றையும் 8 பிட் படங்களாக மாற்றிவிடும் பழக்கமும் உண்டு. 12 பிட் படத்தில் 4,096 சாம்பல் நிலைகள், 8 பிட்டில் 256. எந்த விண்டோவில் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினால் சரி. இன்னொன்று, டைகாமிலிருந்து, ஆராய்ச்சியில் புழங்கும் நிஃப்டி என்ற கோப்பு வடிவுக்கு மாற்றும்போது இரண்டும் இட வலத்தை எதிரெதிர்த் திசையில் எண்ணுகின்றன என்பதை மறக்கக் கூடாது. கட்டி வலது மூளையிலா இடது மூளையிலா என்பது சின்ன விஷயமா?

நோயாளியின் அடையாளத்தை நீக்குவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறிப்பிலிருந்து பெயரை அழித்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்தின் மேலேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். தலை ஸ்கேனை முப்பரிமாணத்தில் அடுக்கினால் அந்த ஆளின் முகமே எழுந்து வரும். அதனால்தான் வெளியிடுமுன் முகப்பகுதியை மழித்துவிடுகிறார்கள்.

நான்காம் படி: லேபிளை நம்பாதீர்கள்

பழகுவதற்குப் பொதுத் தரவுத் தொகுப்புகள் நிறைய உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்டதில் 30,805 பேரின் 1,12,120 நெஞ்சு எக்ஸ்ரேக்கள். ஸ்டான்ஃபோர்டின் செக்ஸ்பெர்ட் 2019-இல் வந்தது, 2,24,316 படங்கள். நுரையீரல் முடிச்சுகளுக்கு எல்.ஐ.டி.சி. தொகுப்பில் 1,018 சி.டி.கள் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளலாம். ஆனால் "இதில் நோய் இருக்கிறது" என்று எழுதியது யார் என்று முதலில் கேளுங்கள்.

அந்த 2017 தொகுப்பில் படத்தைப் பார்த்து யாரும் லேபிள் ஒட்டவில்லை. டாக்டர்கள் ஏற்கெனவே எழுதிய அறிக்கைகளை ஒரு மென்பொருள் வாசித்து ஒட்டியது. நெஞ்சுக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கும் நியூமோதொராக்ஸ் என்ற அவசர நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த லேபிள் உள்ள படங்களில் பலவற்றில், காற்றை வெளியேற்றும் டியூப் ஏற்கெனவே நெஞ்சில் செருகியிருக்கிறது. மாடல் டியூப்பைக் கற்றுக்கொள்கிறது, மதிப்பெண் பிரமாதமாக வருகிறது. டியூப் போட்டுப் படுத்திருப்பவருக்கு நியூமோதொராக்ஸ் என்று சொல்ல ஏ.ஐ. எதற்கு? டியூப் போடாமல் மூச்சுத் திணறிக்கொண்டு வருகிறவரிடம்தான் அது தேவை, அங்கேதான் அது கோட்டை விடும்.

கொரோனாக் காலத்தில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. கொரோனா நோயாளிகளின் படங்கள் பெரியவர்களுடையவை. "கொரோனா இல்லாத" படங்களுக்காகப் பலர் எடுத்துக்கொண்டது சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்த நிமோனியாத் தொகுப்பு. அதில் இருந்ததெல்லாம் 1 முதல் 5 வயதுக் குழந்தைகள். மாடல் பெரியவரையும் குழந்தையையும் பிரித்துக் காட்டியது. ஆய்வுக் கட்டுரையில் அது கொரோனாவைக் கண்டுபிடித்ததாக எழுதப்பட்டது. 2021-இல் இப்படிப்பட்ட கட்டுரைகளைச் சலித்து, தரத்தில் தேறிய 62-ஐ மட்டும் எடுத்து ஒரு குழு அலசியது. மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூடத் தேறவில்லை.

டாக்டர்களே நேரில் பார்த்து ஒட்டிய லேபிள் என்றாலும் ஒரு கண் வைத்திருங்கள். எல்.ஐ.டி.சி.யில் ஒரே ஸ்கேனை நான்கு ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். ஒருவர் முடிச்சு என்று வட்டமிட்டதை இன்னொருவர் கண்டுகொள்ளவே இல்லை என்ற இடங்கள் ஏராளம். மனிதர்களே இப்படிப் பிரிகிற இடத்தில், மாடல் நூற்றுக்கு நூறு வாங்கினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

ஐந்தாம் படி: படத்தைப் பிரிக்காதீர்கள், ஆளைப் பிரியுங்கள்

1,12,120 படங்கள், 30,805 பேர் என்று மேலே சொன்னேன். அதாவது ஆளுக்கு மூன்று படத்துக்கு மேல். படங்களைக் குலுக்கிப்போட்டுப் பயிற்சிக்கு 80 சதவீதம், சோதனைக்கு 20 சதவீதம் என்று பிரித்தால், ஒரே ஆளின் ஒரு படம் பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் விழும். அவருடைய விலா எலும்பின் வளைவு, பேஸ்மேக்கரின் இடம் எல்லாம் மாடலுக்கு ஏற்கெனவே பரிச்சயம். பார்த்த கேள்வித்தாளையே பரீட்சையில் கொடுத்த மாதிரி. நோயாளி எண்ணை வைத்துப் பிரியுங்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. என்றால் அடுக்குகளைக் குலுக்குவது இன்னும் மோசம். அடுத்தடுத்த அடுக்குகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

மற்றவர் பிரித்துத் தந்த தொகுப்பாக இருந்தாலும் எண்ணிப் பாருங்கள். அந்தக் குழந்தைகள் நிமோனியாத் தொகுப்பின் பரவலாகச் சுற்றும் வடிவத்தில், பயிற்சியின் நடுவே மாடலைச் சரிபார்க்க (வேலிடேஷன்) இருப்பது மொத்தம் 16 படம். ஒரு படம் தவறினால் 6.25 சதவீதம் போய்விடும். அதை வைத்து "எந்த மாடல் மேல்" என்று வரைபடம் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

முடிந்தால் சோதனைக்கு வேறொரு மருத்துவமனையின் படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைசி நாள் வரை அதைத் தொடாதீர்கள்.

ஆறாம் படி: மாடல்

இங்கே நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை, நீங்களும் செலவிட வேண்டாம். ஓரம் வரையும் வேலைக்கு, ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 2015-இல் பிறந்த யு-நெட் என்ற மாடல், அதைத் தானே சீரமைத்துக்கொள்ளும் என்.என்.யு-நெட் இரண்டும் இருக்கின்றன. மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள மோனாய் என்ற இலவச நூலகத்தில் முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். படம் பார்த்து உண்டு இல்லை என்று சொல்ல, ஏற்கெனவே பயிற்சி பெற்ற சாதாரண மாடல் ஒன்றை எடுத்துத் தொடங்குங்கள். புது மாடல் தேடி அலைவதால் கிடைப்பதைவிட, லேபிளைத் திருத்துவதால் கிடைப்பது எனக்கு எப்போதும் அதிகமாக இருந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பூனைப் படத்தை இட வலமாகத் திருப்பிப் போட்டாலும் பூனைதான். நெஞ்சு எக்ஸ்ரேயைத் திருப்பினால் இதயம் வலது பக்கம் போய்விடும். அப்படிப் பிறந்தவர்களும் உண்டு, அது ஒரு நோயறிதல்.

ஏழாம் படி: எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 பேரைச் சோதிக்கிறோம், 100 பேருக்கு நோய். உங்கள் மாடல் நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 100 நோயாளிகளில் 90 பேர் பிடிபடுவார்கள். மீதி 9,900 பேரில் 990 பேருக்கும் மணி அடிக்கும். மொத்தம் 1,080 மணி. அதில் பன்னிரண்டுக்கு ஒன்றுதான் நிஜம். இன்னொரு பக்கம், எல்லோருக்கும் "நோய் இல்லை" என்று சொல்லும் மாடல், அதாவது ஒரே வரி புரோகிராம், 99 சதவீதத் துல்லியம் காட்டும். துல்லியம் என்ற ஒற்றை எண்ணை யாராவது நீட்டினால், "நோயாளிகள் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஓரம் வரைவதில் டைஸ் என்ற எண் புழங்குகிறது. மாடல் வரைந்ததும் டாக்டர் வரைந்ததும் எவ்வளவு ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றன என்று சொல்லும் எண், முழுதாகப் பொருந்தினால் 1. அதிலும் ஒரு வேடிக்கை. நான்கு புள்ளி பக்கமுள்ள கனசதுரக் கட்டியில் ஒரு முகத்தில் ஓர் அடுக்கை விட்டுவிட்டால் டைஸ் 0.86 ஆகிவிடும். நாற்பது புள்ளி பக்கமுள்ள கட்டியில் அதே தவறு 0.99-இல் நிற்கும். சின்னக் கட்டிகளையும் பெரிய கட்டிகளையும் கலந்து சராசரி சொல்வது அவ்வளவு நேர்மையான காரியம் இல்லை.

எட்டாம் படி: எதைப் பார்த்துச் சொன்னது?

மாடல் எந்த இடத்தைப் பார்த்தது என்று சிவப்பு மஞ்சளில் காட்டும் வெப்பப் படங்கள் உண்டு. அழகாக இருக்கும், பேச்சாளர்களுக்குப் பிடிக்கும். நான் அதை முழுதாக நம்புவதில்லை, சந்தேகத்தைக் கிளப்ப மட்டும் பயன்படுத்துகிறேன். அதைவிட எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். சோதனைப் படங்களில் நுரையீரலை முழுக்கக் கறுப்புக் கட்டத்தால் மூடிவிட்டு மாடலை ஓட்டுங்கள். மதிப்பெண் நாணயம் சுண்டிய அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், மாடல் நுரையீரலைப் பார்க்கவே இல்லை.

2018-இல் வெளியான ஓர் ஆய்வில், நிமோனியாவுக்குப் பயிற்சி பெற்ற மாடல்கள் வேறு மருத்துவமனைப் படங்களில் பெரும்பாலும் சறுக்கின. எந்த மருத்துவமனைப் படம் என்பதை மட்டும் ஏறக்குறையத் தவறே இல்லாமல் சொல்ல முடிந்தது. இட வலம் காட்ட டெக்னீஷியன் மூலையில் வைக்கும் உலோக எழுத்தும் (மார்க்கர்) துப்புகளில் ஒன்று.

என் கட்டில் மாடலுக்குத் திரும்புவோம். படுக்கையில் எடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குள் நிமோனியா உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து மறுபடி ஓட்டினேன். 96 இறங்கி 71 ஆனது. உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது.

ஒன்பதாம் படி: டாக்டரின் மேசையில் வைக்கும்போது

மாமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், சந்தேக இடத்தைக் குறித்துக் காட்டும் பழைய தலைமுறை மென்பொருளுக்கு அமெரிக்காவில் 1998-இலேயே அனுமதி கிடைத்தது. அங்கே பரவலாகப் புழங்கவும் செய்தது. 2015-இல் ஒரு பெரிய ஆய்வு, அதனால் புற்றுநோய் கண்டறிதல் மேம்படவில்லை என்று காட்டியது. இன்னொரு பக்கம், ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த மாசாய் ஆய்வின் முதல் முடிவுகள் 2023-இல் வந்தன. அங்கே வழக்கமாக ஒவ்வொரு மாமோகிராமையும் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் பார்ப்பார்கள். எந்தப் படத்துக்கு ஒருவர் போதும், எதற்கு இருவர் வேண்டும் என்று பிரிக்கும் வேலையை ஏ.ஐ.க்குக் கொடுத்தார்கள். பார்க்கும் சுமை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய்கள் குறையவில்லை. இரண்டுக்கும் நடுவே தொழில்நுட்பம் வெகுவாக மாறிவிட்டது, உண்மைதான். ஆனால் கருவியை எந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்பதும் மாறியிருக்கிறது. அதனால்தான் முதல் படியில் "அடுத்து யார் என்ன செய்வார்கள்" என்று எழுதச் சொன்னேன்.

திரையில் ஏ.ஐ.யின் முடிவு முன்கூட்டியே தெரிந்தால், அனுபவசாலிகளும் அதன் தவறான பதிலின் பக்கம் சாய்கிறார்கள். ரேடியாலஜிஸ்ட் தன் முடிவை எழுதிய பிறகு காட்டலாமா என்று யோசித்து வையுங்கள். "இந்தப் படம் தெளிவாக இல்லை, சொல்ல முடியாது" என்ற பதிலும் மாடலிடம் இருக்க வேண்டும். டாக்டரின் விளக்கம் இல்லாமலே நீரிழிவு விழித்திரைப் பாதிப்பைச் சொல்லலாம் என்று 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருவியில் அந்த வசதி இருந்தது. யாருக்கும் முடிவைக் காட்டாமல் சில வாரம் பின்னணியில் ஓடவிட்டு, டாக்டர் அறிக்கைகளோடு ஒப்பிடுங்கள். அந்தந்த நாட்டின் மருத்துவக் கருவி விதிப்படி அனுமதி இல்லாமல் நோயாளி பக்கம் போகக் கூடாது. ஸ்கேன் கருவியை மாற்றினாலோ அதன் மென்பொருளைப் புதுப்பித்தாலோ ஒப்பீட்டை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். கருவி மாறியதை உங்களிடம் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், டைகாம் குறிப்பில்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம், உங்கள் மாடல் முதல் தடவை ஓடி முடிந்ததும் ரேடியாலஜி தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். மாடல் சரியாகச் சொன்ன 20 படங்கள், தவறாகச் சொன்ன 20 படங்கள், எது எது என்று சொல்லாமல் கலந்து கொடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் கண்ணில் முதலில் படுவதை ஒரு வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். "டியூப்", "ஒயர்", "குழந்தை", "மார்க்கர்" என்று வந்தால் எண்ணிக்கொள்ளுங்கள். டீ வாங்கிக் கொடுக்க மறக்காதீர்கள், மறுபடியும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.